வட்டிச் சுமையை ஒப்பிடச் சொன்னால் மகள் எங்கே தொடங்குவது?

அம்மா, உங்கள் மகளுக்கு ஆய்வு உதவியாளர் வேலைக்காகத் தந்திருக்கும் பயிற்சி ஒரே வரிதான்: இலங்கை, இந்தியா இரண்டினதும் அரச கடன் வட்டியை ஒப்பிடுக. எதை எதால் வகுக்கிறார், ஏன் என்பதைத்தான் நேர்முகத்தில் கிண்டுவார்கள்.

முதலில் அலகு. இந்திய பட்ஜெட் ஆவணங்கள் கோடியில் பேசும், எங்கள் இலங்கை மத்திய வங்கி பில்லியனில். ஒரு லட்சம் கோடி என்றால் ஆயிரம் பில்லியன். இங்கே ஒரு பூச்சியம் தவறினால் மிச்சமெல்லாம் வீண். ஆண்டும் வேறு: இலங்கைக்கு ஜனவரி முதல் டிசம்பர், இந்தியாவுக்கு ஏப்ரல் முதல் மார்ச். 2023ஐ 2023-24உடன் வைக்கலாம், ஆனால் அதை அட்டவணையின் கீழே எழுதவேண்டும்.

2023இல் இலங்கை அரசு கட்டிய வட்டி ஏறத்தாழ 2,456 பில்லியன் ரூபாய், வருமானம் சுமார் 3,049 பில்லியன். அதாவது வருமானத்தின் 80 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்திய மத்திய அரசு 2023-24இல் கட்டியது சுமார் 10.64 லட்சம் கோடி, வருவாய் வரவு (மாநிலங்களின் பங்கு போக மத்திய அரசின் கையில் நிற்கும் வரியும் மற்ற வருமானமும்) 27.29 லட்சம் கோடி. இது 39 சதவீதம்.

பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இந்த 39இல்தான். டெல்லி திரட்டும் மொத்த வரி சுமார் 34.65 லட்சம் கோடி, அதில் 11.29 லட்சம் கோடி மாநிலங்களுக்குப் போய்விடும். மொத்த வரியால் வகுத்தால் 31 சதவீதம் என்று வந்து, இந்தியா இருப்பதைவிட இலகுவான நிலையில் தெரியும். மாநிலங்களின் சொந்தக் கடன் வட்டியும் இந்தக் கணக்கில் இல்லை. எங்கள் மாகாண சபைகளோ பெரும்பாலும் கொழும்பு அனுப்பும் பணத்தில் ஓடுகின்றன, ஆகவே இங்கே மத்திய அரசின் எண்ணே ஏறக்குறைய முழுப்படம். இந்த வித்தியாசத்தை இரண்டு வரியில் எழுதினாலே அவருடைய தாள் தனியாகத் தெரியும்.

இலங்கைப் பக்கமும் ஒரு பொறி உண்டு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனின் பெரும்பகுதிக்குக் கொடுப்பனவை நிறுத்திவிட்டோம். ஆகவே 2023இன் வட்டியில் மிகப் பெரும்பகுதி உள்நாட்டுக் கடனுடையது. 2022 பிற்பகுதியில் 91 நாள் திறைசேரி உண்டியலின் (அரசு எடுக்கும் குறுங்காலக் கடன்) வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. அதன் சுமைதான் அடுத்த ஆண்டின் தலையில் விழுந்தது. இதைச் சொல்லாமல் 80 சதவீதத்தை மட்டும் நீட்டினால், "ஏன்?" என்ற அடுத்த கேள்விக்குப் பதில் இருக்காது.

மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்த நிரலும் வேண்டும்: இலங்கைக்கு 9 சதவீதத்தை ஒட்டியது, இந்திய மத்திய அரசுக்கு 3.5 சதவீதம் அளவில். ஒப்பிடுவது வட்டியை மட்டும்தான், ஆகவே திருப்பிக் கட்டும் அசலையும் வட்டியையும் சேர்த்துக் கடன் சேவை என்று தரும் அட்டவணையை எடுக்கவே கூடாது.

எக்செலில் எண்களை ஒட்டாமல் சூத்திரத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆவணமும் பக்க எண்ணும் இருக்கட்டும்.

மகளைச் சீமா (CIMA என்ற முகாமைக் கணக்கியல் படிப்பு) பக்கம் திருப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் தாள் முடியும்வரை பொறுங்கள். ஓர் எண் பொருந்தாவிட்டால் அவர் எரிச்சல்பட்டு மூடிவைக்கிறாரா, காரணத்தைத் தேடி இன்னொரு ஆவணத்தைத் திறக்கிறாரா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் பொருளியலிலேயே விடுங்கள்.