மினிமம் டியூ, புது போன், பொங்கல் டிக்கெட்

கேள்வி: வயது 24, சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. டீமில் எல்லோரும் புது போன் வாங்கிவிட்டார்கள், ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.தானே, நீயும் வாங்கு’ என்கிறார்கள். கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி, மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். பொங்கலுக்கு அம்மா திருநெல்வேலிக்குக் கூப்பிடுகிறார், நண்பர்கள் கோவாவுக்கு. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, போனை விடுங்கள், முதலில் அந்த கார்டைப் பாருங்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்தால் 1,400 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252 ரூபாய், ஆக நீங்கள் 2,000 கட்டினாலும் கடனில் குறைவது 350 ரூபாய்கூட இல்லை. இன்னும் மோசம் என்னவென்றால், பழைய பாக்கி முழுசாகத் தீரும்வரை நீங்கள் புதிதாகத் தேய்க்கும் பெட்ரோலுக்கும் பிரியாணிக்கும்கூட அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். போனஸ் வந்தால் அப்படியே இதில் போடுங்கள்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.யிலும் வட்டி உண்டு. அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான், வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் பிராசசிங் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

கோவாவுக்கு ‘கடன் இருக்குடா, இந்த வருஷம் முடியாது’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள், நல்ல நண்பர்களுக்குப் புரியும். பொங்கலுக்கு ஊருக்குப் போங்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கிறது, அதனால் நவம்பர் நடுவிலேயே நெல்லை எக்ஸ்பிரஸில் போட்டுவிடுங்கள், விட்டால் ஆம்னி பஸ்ஸில் கேட்கிற காசைக் கொடுக்க வேண்டிவரும். அப்புறம், திரும்பி வரும் டிக்கெட்டுக்குத்தான் அடிதடி அதிகம், அதையும் மறக்காதீர்கள்.