கேளுங்கள், சொல்கிறோம்: பக்க வடிவமைப்பும் பிடிஎஃப் கோப்பும்

பக்க வடிவமைப்பு மென்பொருள்களிலிருந்து பிடிஎஃப் எடுப்பதிலும், பிடிஎஃப் கோப்பை அவற்றுக்குள் கொண்டுவருவதிலும் ஏற்படும் சிக்கல்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி (கும்பகோணத்திலிருந்து ஒரு சிறு பதிப்பாளர்): இன்டிசைனில் 140 × 215 மி.மீ. அளவில் ஒரு நூலை அமைத்து, இரண்டிரண்டு பக்கங்கள் சேர்ந்து தெரியும்படி பிடிஎஃப் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். தனித்தனிப் பக்கமாக வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். வெட்டிய பிறகு அட்டை ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும் என்றும் சொன்னார்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: அச்சகத்தார் சொன்ன இரண்டும் சரியே. பெரிய தாளில் பக்கங்களை எந்த இடத்தில் எந்தத் திசையில் வைத்தால் மடித்த பிறகு வரிசையாக வரும் என்று கணக்கிட்டு அடுக்குவது அவர்களுடைய வேலை. 16 பக்க ஃபாரத்தில் (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதியில்) 1ஆம் பக்கத்துக்குப் பக்கத்தில் வருவது 16ஆம் பக்கம். நீங்கள் 2ஐயும் 3ஐயும் ஒட்டி அனுப்பினால் அவற்றைப் பிரித்த பிறகே அவர்கள் வேலையைத் தொடங்க முடியும். ஆகவே எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘ஸ்ப்ரெட்ஸ்’ என்பதை விட்டு ‘பேஜஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் ‘பிளீட்’ இல்லாமை. வெட்டும் கத்தி எல்லாத் தாளிலும் மயிரிழை பிசகாமல் இறங்காது என்பதால், ஓரம்வரை வரும் வண்ணமும் படமும் வெட்டுக்கோட்டைத் தாண்டி எல்லாப் பக்கமும் 3 மி.மீ. நீண்டிருக்க வேண்டும், உங்கள் பக்கம் அப்போது 146 × 221 மி.மீ. ஆகும். எக்ஸ்போர்ட் பெட்டியில் 3 மி.மீ. என்று எண்ணை மட்டும் இட்டுவிட்டு, படத்தை வெட்டுக்கோட்டிலேயே நிறுத்திவிடுபவர்கள் பலர். அப்படிச் செய்தால் கோப்பின் அளவு பெரிதாகுமே தவிர, நீட்டிய பகுதி வெறும் வெள்ளையாகவே இருக்கும். பக்கத்திலேயே படச்சட்டத்தை இழுத்து நீட்டியாக வேண்டும். இன்னொன்று: இன்டிசைன் வெட்டுக்குறிகளை இயல்பாக 2.117 மி.மீ. தள்ளி வரைகிறது. அது 3 மி.மீ. பிளீட்டுக்குள்ளேயே விழுவதால், ‘ஆஃப்செட்’ மதிப்பையும் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

எந்த முன்னமைவைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பொறுத்தவரை, மின்னஞ்சலில் எளிதாகப் போகும் என்று ‘ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்’ முன்னமைவில் எடுத்த கோப்பை ஒருபோதும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அது வண்ணப் படங்களை 100 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளிகள்) அளவுக்குக் குறைத்து, நிறங்களையும் திரைக்குரிய ஆர்ஜிபிக்கு மாற்றிவிடும். திரையில் பளிச்சென்று தெரிந்த புகைப்படம் தாளில் மங்கிப்போவதைப் பார்த்த பிறகு வருந்திப் பயனில்லை. அச்சுக்கு உரியவை பிடிஎஃப்/எக்ஸ் வகைகள். எக்ஸ்-1ஏ வகையில் எழுத்துருக்கள் அனைத்தும் உட்பொதிந்திருக்கும். நிறங்கள் அச்சுக்குரிய நான்கு மைகளான சிஎம்ஒய்கே ஆகவோ தனி மையாகவோ மட்டுமே இருக்கும். நிழல், ஒளிபுகும் தன்மை போன்றவை ஒரே அடுக்காகத் தட்டையாக்கப்படும். எக்ஸ்-4 வகை ஒளிபுகும் தன்மையை அப்படியே காக்கும். அச்சகம் ஏற்றுக்கொள்ளுமானால் எக்ஸ்-4 வகையையே நான் பரிந்துரைப்பேன். தட்டையாக்கும்போது நிழலோடு உரசும் எழுத்துகள் சில சமயம் வெறும் வடிவங்களாகவோ படமாகவோ மாறி, ஒரே பத்தியில் இரண்டு வரிகள் மட்டும் தடித்து நிற்கும். தமிழின் சுழிகளில் இந்தத் தடிப்பு உடனே கண்ணில் படும்.

கேள்வி (மதுரையிலிருந்து சிறுவர் இதழ் ஒன்றின் ஆசிரியை): எங்கள் இதழ் நான்கு வண்ணத்தில் அச்சாகிறது. சில கதைகளின் எழுத்துகள் மட்டும் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டித் தெரிகின்றன. மற்றவை தெளிவாக இருக்கின்றன. அச்சு இயந்திரத்தின் பிழையா, எங்கள் கோப்பின் பிழையா?

பதில்: அந்தக் கதைகள் வேர்ட் கோப்பாக வந்தவையா என்று பாருங்கள். வேர்டில் எழுதியவர் எழுத்தின் நிறத்தைத் தானியங்கி நிலையில் விடாமல் தாமாகக் கறுப்பு என்று தேர்ந்தெடுத்திருந்தால், அது ஆர்ஜிபி கறுப்பு. இன்டிசைன் அதை உள்ளே எடுக்கும்போது ‘வேர்ட்_ஆர்0_ஜி0_பி0’ என்று தொடங்கும் பெயரில் ஒரு புதிய நிறத்தை, நிறங்களின் பட்டியலான ஸ்வாட்சஸ் பலகையில் சேர்க்கும். பிடிஎஃப் எடுக்கையில் அது சிஎம்ஒய்கேக்கு மாறும்போது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கின் கலவையாகிவிடும். பிறகு ஒரு சிறிய ‘ணி’யை, மைக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டும் (அச்சுத்தகடு) ஒன்றன்மேல் ஒன்றாகத் துல்லியமாகப் பதிக்க வேண்டும். பத்துப் புள்ளி எழுத்தின் மெல்லிய கோட்டில் ஒரு பிளேட் சற்றே விலகினாலும் நீங்கள் சொல்லும் நிழல் தெரியும். இயந்திரத்தின் சிறு விலகல் இயல்பானது. அதற்கு இடம் கொடுத்தது கோப்பு.

இதை அச்சுக்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். ‘விண்டோ’ பட்டியில் ‘அவுட்புட்’ என்பதன்கீழ் ‘செபரேஷன்ஸ் பிரிவியூ’ இருக்கிறது. அதைத் திறந்து, கறுப்பு மையின் எதிரே உள்ள கண் குறியை அணையுங்கள். சரியான எழுத்துகள் அனைத்தும் பக்கத்திலிருந்து மறைந்துவிடும். பழுப்பாக எஞ்சி நிற்பவைதாம் குற்றவாளிகள். ஸ்வாட்சஸ் பலகையில் அந்த வேர்ட் நிறத்தை நீக்கி, அதற்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குறிக்குள் உள்ள ‘பிளாக்’ நிறத்தை இடச் சொன்னால், நூல் முழுவதும் ஒரே தடவையில் சரியாகிவிடும். குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் இதழ் என்பதால் இந்த ஐந்து நிமிட வேலையை ஒவ்வோர் இதழுக்கும் தவறாமல் செய்யுங்கள்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு சிற்றிதழ்க் குழு): ஸ்க்ரைபஸ் மென்பொருளில் இதழ் அமைக்கிறோம். விளம்பரதாரர் தரும் பிடிஎஃப்பைப் படச்சட்டத்துக்குள் வைத்தால் எழுத்துகள் கலங்கலாக வருகின்றன. தனியே திறந்து பார்த்தால் கூர்மையாக இருக்கிறது.

பதில்: ஸ்க்ரைபஸில் படச்சட்டத்துக்குள் வைக்கும் பிடிஎஃப்பை அந்த மென்பொருள் படமாகவே கருதுகிறது. திரையில் தெரிவது முன்னோட்டம் மட்டுமே. ஆகவே திரையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஆனால் நீங்கள் இதழை எக்ஸ்போர்ட் செய்யும்போது பிடிஎஃப், இபிஎஸ் கோப்புகளை உட்பொதிக்கும் தெரிவைக் குறியிடாவிட்டால், விளம்பரம் உண்மையாகவே புள்ளிகளாலான படமாக மாற்றப்படும். புகைப்படத்துக்குப் போதுமான 300 பிபிஐ சிறிய எழுத்துக்குப் போதாது. அந்தத் தெரிவு சோதனை நிலையில் உள்ளதாகவே அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்பதால், எடுத்த கோப்பை 400 விழுக்காடு பெரிதாக்கி எழுத்தோரங்களைப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

மற்றொரு வழி, ‘இம்போர்ட்’ பட்டியில் உள்ள ‘கெட் வெக்டர் ஃபைல்’ மூலம் கொண்டுவருவது. அப்போது கோடுகளும் எழுத்துகளும் கூர்மை குறையாத வடிவங்களாக வரும். நிழல்களும் சாயல்களும் நிறைந்த விளம்பரமாக இருந்தால் சில பகுதிகள் இடம் மாறவோ காணாமல் போகவோ கூடும். எளிய விளம்பரங்களுக்கே இது பொருந்தும். நீங்கள் இன்னும் 1.4 வரிசைப் பதிப்பிலேயே இருந்தால் உடனே மாறிவிடுங்கள். அதில் தமிழின் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைவதில்லை. 2017இல் வந்த 1.5.3 பதிப்பில்தான் நம் எழுத்துகளைப் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கு வழி பிறந்தது. 2024 ஜனவரியில் வந்த 1.6.0 நிலையான பதிப்பு அதை எல்லாருக்கும் கொண்டுவந்தது.

இன்டிசைன் பயன்படுத்துவோருக்கும் ஒரு சொல். ‘பிளேஸ்’ பெட்டியில் ‘ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்’ என்பதைக் குறியிட்டுத் திறந்தால், எந்தப் பக்கம் வேண்டும், எந்த எல்லைவரை வெட்டி எடுக்க வேண்டும் என்று கேட்கும். ‘ட்ரிம்’ என்று கொடுத்தால் விளம்பரத்தோடு ஒட்டிவந்த வெட்டுக்குறிகள் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரமாட்டா. வைத்த பிடிஎஃப் வெறும் இணைப்பாகவே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி மலரின் கடைசி இரவில், கோப்புறையை ஒழுங்குபடுத்துவதாக எண்ணி விளம்பரங்களை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டேன். இணைப்பு அறுந்ததாக மென்பொருள் எச்சரித்தும், அவசரத்தில் ‘ஓகே’ அழுத்தினேன். மங்கிய முன்னோட்டப் படமே அச்சில் ஏறியது. காசு கொடுத்து விளம்பரம் தந்த ஒரு நகைக்கடைக்காரரிடம் மறுநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த எச்சரிக்கை வந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகர்): முடிந்த பிடிஎஃப்பில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. கோரல் டிராவில் திறந்து திருத்தலாமா?

பதில்: வேண்டாம். பிடிஎஃப்புக்குள் எழுத்துரு முழுமையாக இருப்பது அரிது. அந்தக் கோப்பில் பயன்பட்ட வடிவங்கள் மட்டுமே பொதிந்திருக்கும். நீங்கள் இடவேண்டிய ‘ழு’ அதில் வேறெங்கும் வராமலிருந்தால் அந்த வடிவமே உள்ளே இருக்காது. மென்பொருள் வேறோர் எழுத்துருவை நுழைத்து, மொத்த வரியையும் குலைத்துவிடும். மூலக் கோப்பில் திருத்தி அந்தப் பக்கத்தை மட்டும் மீண்டும் எடுத்து அனுப்புங்கள். மூலம் வடிவமைப்பாளரிடம் இருந்தால் அவரிடம் கேட்டு வாங்குங்கள். அடுத்த நூலுக்கு ஒப்பந்தம் பேசும்போதே மூலக் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்): எங்கள் ஊர் நூலகத்தின் பழைய மலர்களை மறுபதிப்புச் செய்ய விரும்புகிறோம். கைவசம் பிடிஎஃப் மட்டுமே உண்டு. சிலவற்றிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குவியலாக வருகின்றன. புதிய மலர்களில் தமிழ் வருகிறது, ஆனால் ‘கொடி’ என்பது ‘ெகாடி’ என்று வருகிறது. தட்டச்சு செய்தே ஆக வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை, ஐயா. ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள்.

முதல் வகை, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைக்கப்பட்டவை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தன. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி அறிந்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான். எழுத்துரு உடன் இருக்கும்வரை நம் கண்ணுக்கு அம்மா. பிரதி எடுத்தவுடன் சட்டை கழன்று அந்த ஐந்து குறிகள் வெளிப்படுகின்றன. ஆயினும் ஒன்றுக்கொன்று ஒழுங்காக இருப்பதால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளைக் கொண்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். முதலில் பிடிஎஃப்பின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் எழுத்துருப் பெயரைப் பார்த்து, மாற்றியில் அதற்குரிய குறியீட்டையே தேர்ந்தெடுங்கள். மலரின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் மாற்றி தமிழாக்கிவிடும் என்பதால், அவற்றை முன்கூட்டியே தனியே எடுத்து வையுங்கள். ஒட்டும்போது வெறும் கட்டங்கள் மட்டும் வந்தால் மாற்றிகள் உதவா. பக்கங்களைப் படமாக்கி, தமிழ் அறிந்த டெசராக்ட் போன்ற எழுத்துணரியிடம் கொடுக்க வேண்டும். அதன் பிறகு ‘ர’வும் காலும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகைக்குக் காரணம் பிடிஎஃப்பின் இயல்பு. 1993இல் அடோபி நிறுவனம் அதை வெளியிட்டதன் நோக்கம், எந்தக் கணினியிலும் எந்த அச்சுப்பொறியிலும் பக்கம் ஒரே தோற்றத்தில் வர வேண்டும் என்பதே. எந்த வடிவம் எந்த இடத்தில் என்பதை அது காக்கிறது. எழுதியவர் எந்த வரிசையில் எழுதினார் என்பதைக் காக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. யூனிகோடில் முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. பக்கத்திலோ முதலில் கொம்பு, அடுத்து ‘க’, கடைசியில் கால். இடமிருந்து வலமாக வடிவங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் ‘ெகாடி’தான் கிடைக்கும். உண்மையான எழுத்து வரிசையைத் தனியே குறித்துவைக்க பிடிஎஃப் தரத்தில் ‘ஆக்சுவல்டெக்ஸ்ட்’ என்ற வசதி உண்டு. ஆனால் எல்லா மென்பொருளும் அதை எழுதுவதில்லை.

திருத்தும் வழி எளிது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடி மாற்றும் முறை) அறிந்த ஓர் எழுத்துத் தொகுப்பியில், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகிய மூன்றில் ஒன்று மெய்யெழுத்துக்கு முன்னால் நின்றால் அதை மெய்யெழுத்துக்குப் பின்னால் தள்ளும்படி ஒரே கட்டளை கொடுக்கலாம். கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்துவிட்டால், யூனிகோடின் இயல்பாக்க விதி அவற்றை ஒகரமாக ஒன்றுசேர்க்கும். இந்தக் கட்டளையை ஒரு பிரதியில் ஒரு தடவை மட்டுமே இயக்குங்கள். மறுபடி இயக்கினால் சரியாக உள்ளவையும் குலையும். இரண்டு இடங்களில் மட்டும் கண் வேண்டும். ‘க்ஷெ’ போன்றவற்றில் கொம்பு கூட்டெழுத்து முழுவதையும் தாண்டிப் போக வேண்டும். ‘கௌரவம்’ போன்ற சொற்களில் ஔகாரத்தின் வலப்பகுதி ‘ள’ எழுத்தைப் போலவே இருப்பதால், அது ‘கெளரவம்’ என்று வந்திருக்கும். இதை எந்தக் கட்டளையும் அறியாது. ஔகாரம் வரும் சொற்கள் குறைவு என்பதால், ‘ெள’ என்ற சேர்க்கையைத் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

மறுபதிப்பை இன்டிசைனில் அமைப்பதாக இருந்தால், பத்திப் பலகையின் பட்டியில் தமிழ் போன்ற எழுத்துமுறைகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்த பிறகே யூனிகோடு உரையை ஒட்டுங்கள். பணி முடிந்ததும் பிடிஎஃப்போடு யூனிகோடு உரைக்கோப்பையும் மூலக் கோப்பையும் நூலகத்தின் வன்தட்டில் ஒரே கோப்புறையில் சேமித்து வையுங்கள். எழுத்துருக் கோப்புகளும் அதே கோப்புறையில் இருக்கட்டும்.