வலிக்கிற வரலாறை பசங்களுக்கு நாவலா எழுதுறவங்களோட கேள்விகளும் என் பதில்களும்

சிறுவர் நாவல் எடிட் பண்றதுதான் என் பொழப்பு, அதுலயும் பழைய கொடுமைகளை வெச்சு எழுதுற கதைங்க நிறைய என் டேபிளுக்கு வரும். கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு சொன்னேன், கொட்டிட்டீங்க. முடிஞ்ச வரைக்கும் எழுதிருக்கேன்.

கேள்வி: அக்கா, நான் பிரைமரி டீச்சர். எட்டு ஒம்பது வயசுப் பசங்களுக்கு துப்பாக்கிச்சூடு, சாவுன்னு சொல்லலாமா? மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூர்ல 1920ல போலீஸ் ஊர்க்காரங்களைச் சுட்டதைப் பத்தி ஒரு குட்டிக்கதை எழுத ஆசை.

தாராளமா எழுதுங்க டீச்சர், ஆனா துப்பாக்கில ஆரம்பிக்காதீங்க. ஒம்பது வயசுப் பிள்ளைக்கு பதினாறு பேர் செத்தாங்கங்கறது வெறும் நம்பர். அப்பா தினமும் பொழுது சாஞ்சதும் போலீஸ் சொன்ன இடத்துல போய் படுத்துட்டு விடிஞ்சாதான் வீட்டுக்கு வரணும்னு ஒரு சட்டம் இருந்துச்சு பாருங்க, அது உடனே புரியும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871ல வந்துச்சு, மெட்ராஸ் மாகாணத்துக்கு 1911ல நீட்டினாங்க. திருடினானா இல்லையான்னு கேள்வியே கிடையாது, சட்டத்தோட லிஸ்ட்ல இருக்குற ஜாதியில பொறந்தாலே போலீஸ்கிட்ட கைரேகை வைக்கணும், வெளியூர் போகணும்னா ராதாரிச் சீட்டு வாங்கணும். இப்ப ஒரு சீன் யோசிங்க. ராத்திரி தங்கச்சிக்கு காய்ச்சல் அனலா கொதிக்குது, அம்மா தனியா இருக்கா, பையன் வாசப்படியில நின்னு அப்பா போன பாதையவே பாத்துட்டு இருக்கான், ஓடிப்போய் கூப்பிடலாம்தான் ஆனா அப்பா எந்திரிச்சு வந்தா அது குத்தம். இவ்ளோதான் டீச்சர். இதைப் படிச்சிட்டு எந்தப் பிள்ளையும் "ஏன் அப்படி?"ன்னு கேக்காம விடாது. அதுக்கப்புறம் சுட்ட நாளை, 1920 ஏப்ரல் 3ஐ, ரெண்டு பாராவுல சொன்னா போதும். ரேகை வைக்க மாட்டோம்னு ஊரே ஏன் நின்னுச்சுன்னு அதுக்கே தெரிஞ்சுடும். செத்தவங்கள்ல மாயக்காள்னு ஒரு பொண்ணும் உண்டு, அந்தப் பேரை மட்டும் விட்றாதீங்க.

கேள்வி: சயாம் மரண ரயில் பத்தி நாவல் எழுதிட்டு இருக்கேன். ஹீரோவுக்கு 12 வயசு. கிளைமாக்ஸ்ல அவன் கேம்ப்ல இருக்குற எல்லாரையும் ஒண்ணு சேத்து தப்பிக்க வைக்கிறான். ஓகேவா?

தம்பி, ஓகே இல்ல. ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரன் சயாமுக்கும் (இப்ப தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவுல போட்ட 415 கிலோமீட்டர் ரயில் லைன் அது, 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. பன்னெண்டாயிரத்துக்கு மேல வெள்ளக்கார யுத்தக் கைதிங்க செத்தாங்க, ஆசியக் கூலிங்க கணக்கு அதைவிட பல மடங்கு, தொண்ணூறாயிரம் வரைக்கும் சொல்றாங்க, அதுல மலேயா தோட்டத்துத் தமிழங்க ஏராளம். ஒரு பன்னெண்டு வயசுப் பையன் நினைச்சா எல்லாரையும் காப்பாத்திருக்கலாம்னு நீங்க எழுதினா, மத்தவங்கல்லாம் புத்தியில்லாம செத்தாங்கன்னு அர்த்தம் ஆயிடும். நீங்க அப்படி நினைக்கலன்னு தெரியும், ஆனா படிக்கிற பிள்ளைக்கு அதுதான் போய்ச் சேரும்.

அதுக்காக அவன் சும்மா அழுதுட்டே இருக்கணும்னு சொல்லல. அந்த வயசுப் பையனால முடியுற காரியத்தை குடுங்க. காலரா வந்த கொட்டகைக்கு காய்ச்சின தண்ணி கொண்டு போறது, செத்தவங்க எந்தத் தோட்டம், என்ன பேருன்னு மனசுல அடுக்கி வெச்சுக்கறது, திரும்பிப் போனா அவங்க வீட்ல சொல்லணுமே. மூணு மாச வேலை, நல்ல சம்பளம்னு ஆசை காட்டித்தான் நிறைய பேரை கூட்டிட்டுப் போனாங்க, அதையும் வைங்க. இன்னொண்ணு, ஜப்பான்காரன் அடிச்ச பத்து டாலர் நோட்டுல வாழைமரம் போட்டிருக்கும். அந்த நோட்டை இடுப்புல முடிஞ்சு பத்திரமா வெச்சிருந்து, 1945ல ஜப்பான் தோத்து யுத்தம் முடிஞ்சதும் கடையில நீட்டுறான், கடைக்காரர் கையாலயே தொடல. பெரிய வசனம் எதுவும் வேணாம், அந்தக் கடையோட சீனை கட் பண்ணிடுங்க.

கேள்வி: நல்ல வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் வந்து உதவுற மாதிரி வைக்கலாமா?

வைக்கலாம். ஆனா பிரச்சனைய அவர் தீத்து வைக்கக் கூடாது. பாதி மேனுஸ்கிரிப்ட்ல இவர் வந்துடறார் சாமி!

கேள்வி: என் பையன் இப்படி ஒரு கதை படிச்சிட்டு மூணு நாள் மூட் அவுட். எதுக்கு பழசைக் கிளறணும்? சின்ன வயசுலயே சாதி வெறுப்பு வந்துடாதா?

உங்க கோவம் நியாயமானதுதான் சார், பிள்ளை வாடினா யாருக்குத்தான் தாங்கும். ஆனா சாதியை பசங்க புக்ல பாத்து கத்துக்கறதில்ல, கல்யாண வீட்லயும் வேன்லயும் நம்ம பேச்சுலயும்தான் கத்துக்கறாங்க. கதை அதுக்கு ஒரு எதிர்க்கேள்வி வைக்குது, அவ்ளோதான். எழுதுறவங்களுக்கு நான் சொல்றது என்னன்னா, கொடுமை பண்ணவனை அரக்கனா காட்டாதீங்க. வீட்ல தன் பிள்ளைய கொஞ்சிட்டு வந்து இங்க ரேகை உருட்டுற ஏட்டு, அவன்தான் பயங்கரம். அப்பதான் இது ஒரு கூட்டத்து ரத்தத்துல இருக்குன்னு தோணாது, சட்டமும் பழக்கமும் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியும். உங்க பையன்கிட்ட எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சுன்னு மட்டும் கேளுங்க, அட்வைஸ் வேணாம்.

கேள்வி: தகவல் எங்க தேடுறது? குழந்தைங்க பத்தி ரெக்கார்டே இல்லையே.

இருக்குற ரெக்கார்டும் கொடுமை பண்ணவங்க எழுதினதுதான், போலீஸ் ஃபைலை அப்படியே நம்பி எழுதினா நீங்களும் அந்தப் பக்கம் போய் நின்னுடுவீங்க. தேதி, ஊர், சட்டத்தோட வாசகம் இதுக்கு மட்டும் வெச்சுக்கங்க. பெரியவங்ககிட்ட போனா "எவ்ளோ கஷ்டப்பட்டீங்க"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க, யார் கூட விளையாடினீங்க, எதுக்கு அடி வாங்கினீங்கன்னு கேளுங்க, கஷ்டம் தானா நடுவுல வந்து விழும். புக் கடைசில எது நிஜம் எது கற்பனைன்னு ஒரு பக்கம் எழுதிடுங்க, இதை கண்டிப்பா செய்யணும்.

கேள்வி: முடிவு சந்தோஷமா இருக்கணும்னு பப்ளிஷர் கேக்கறாங்க. கதை மலையகத் தமிழர் பத்தி.

இலங்கைத் தோட்டங்களுக்கு கூலியா போன தமிழங்களோட வம்சம் இவங்க. 1948ல குடியுரிமை போச்சு, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர்னு ஆளுங்களை பங்கு போட்டாங்க. இதுல சந்தோஷ முடிவு எங்க இருந்து கொண்டு வர்றது? ஆனா பிள்ளைய இருட்டுல விட்டுட்டும் வரக்கூடாது. ஒரே லயத்துல, அதாவது தோட்டத்துக் கூலிங்களோட வரிசை வீட்ல, வளந்த ரெண்டு சிநேகிதிங்க, ஒருத்திக்கு இந்தியா, இன்னொருத்திக்கு இலங்கை. பிரியறதை மாத்தாதீங்க. கப்பல் ஏறினவ இந்தப் பக்கம் ஸ்கூல்ல சேந்து, புது ஊர் பொண்ணுங்க இவ பேச்சைக் கேட்டு சிரிக்க, இவளும் திருப்பிச் சிரிச்சு ஒருத்தியை கூட்டு சேத்துக்கறா. அது போதும்னு பப்ளிஷர்கிட்ட சொல்லுங்க, ஒத்துக்கலன்னா மேனுஸ்கிரிப்ட்டை எனக்கு அனுப்புங்க.