பேசாத போனுக்கு வந்த பில்

வெளிநாடு போகும்போது வீட்டுக்கு மலிவாகப் பேசுவது எப்படி என்று வந்த கேள்விகளில் சில.

கேள்வி: மூன்று வாரம் வெளிநாட்டுப் பயணம். வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன். ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டார். தினமும் பத்து நிமிடமாவது பேசியாக வேண்டும். எது மலிவு?

பதில்: எந்த நாட்டிலிருந்து கூப்பிடுகிறீர்கள் என்பதைவிட, எடுப்பவர் கையில் என்ன போன் இருக்கிறது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். இரண்டு பக்கமும் இன்டர்நெட் இருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். ஓட்டல் வைஃபையில் வாட்ஸ்ஆப்பைத் திறந்து பேசிவிட்டுத் தூங்கப் போயிருப்பீர்கள்.

அம்மாவின் பட்டன் போனுக்கு, இன்டர்நெட்டிலிருந்து சாதாரண நம்பருக்குப் பேச வைக்கும் ஆப்கள்தான் பொருத்தம். வைபர் அவுட், ரெப்டெல் போன்றவை இந்த வகை. உங்கள் பக்கம் டேட்டாவில் போகும். அவர் பக்கம் வழக்கமான அழைப்பாக மணி அடிக்கும். முன்பணம் கட்டிவிட்டு நிமிடக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். (இந்த வேலைக்குப் பலரும் நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுத் தேடி அலைய வேண்டாம்.)

பணம் கட்டுமுன் கட்டணப் பட்டியலில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒரே நாட்டுக்கு லேண்ட்லைன் கட்டணமும் மொபைல் கட்டணமும் வேறுவேறாக இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இரண்டில் குறைந்ததாகத்தான் இருக்கும். அடுத்து, கட்டிய பணத்துக்குக் காலக்கெடு உண்டா என்று பாருங்கள். மூன்று வாரத்துக்கு எவ்வளவு தேவையோ அதற்குக் கொஞ்சம் குறைவாகவே போடுங்கள். தீர்ந்தால் இன்னும் போட்டுக்கொள்ளலாம், மீந்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

இன்னொரு விஷயம், பணத்தைவிட முக்கியம். இப்படிக் கூப்பிடும்போது அம்மாவின் போனில் சில சமயம் உங்கள் நம்பர் தெரியாது. முன்பின் தெரியாத ஏதோ ஒரு நம்பர் வரும். தெரியாத நம்பரை எடுக்காதே என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்களாக இருக்கும். அதனால் கிளம்புமுன் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆப்பிலிருந்தே கூப்பிட்டுப் பாருங்கள். திரையில் என்ன நம்பர் வருகிறதோ அதை அவர் போனில் உங்கள் பெயரிலேயே பதிந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து கூப்பிடும்போது அது மாறவும் கூடும் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

எதிர்த்திசையையும் யோசிக்கலாம். போன இடத்தில் உள்ளூர் சிம் வாங்கினால், அதற்கு வரும் அழைப்பு பெரும்பாலான நாடுகளில் இலவசம். அம்மாவின் எண்ணில் சர்வதேச அழைப்புக்கான பேக் மலிவாகக் கிடைத்தால் அவரே உங்களைக் கூப்பிடட்டும். அத்தனை இலக்கங்களை அவர் அழுத்த வேண்டியதில்லை. ஸ்பீட் டயலில் போட்டுக் கொடுத்தால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும்.

கேள்வி: பத்து நாள் வெளிநாட்டில் இருந்தேன். ஒரு அழைப்பைக்கூட எடுக்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை, டேட்டா ரோமிங்கும் அணைத்தே இருந்தது. ஆனாலும் பில் எகிறியிருக்கிறது. கேட்டால் “எல்லாம் சரியான கட்டணம்தான்” என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: உங்களிடம் வாய்ஸ் மெயில் (நீங்கள் எடுக்காதபோது, கூப்பிட்டவரின் குரலைப் பதிந்துவைக்கும் வசதி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பழைய பில் ஒன்று நினைவுக்கு வந்தது. ஊரில் பகல் என்றால் எனக்கு நள்ளிரவு. போனைச் சைலண்டில் போட்டுத் தூங்கிவிடுவேன். காலையில் மிஸ்டு கால் வரிசையாக இருக்கும். பில்லை வரி வரியாகப் பார்த்தபோது ஒவ்வொரு மிஸ்டு காலுக்கும் இரண்டு வரி இருந்தது. ஒன்று உள்வரும் அழைப்பு. அடுத்தது அதே நிமிடத்தில் வெளியே போன அழைப்பு, அதுவும் நான் வாழ்நாளில் கூப்பிட்டிராத ஒரு எண்ணுக்கு.

அந்த எண்தான் வாய்ஸ் மெயில் பெட்டி. நடந்தது இதுதான். உங்களை யாரோ கூப்பிடுகிறார். அழைப்பு உங்கள் நாட்டிலிருந்து நீங்கள் இருக்கும் நாட்டுக்கு வருகிறது. இது ரோமிங்கில், அதாவது வீட்டு சிம் வெளிநாட்டு நெட்வொர்க்கில் ஓடும்போது, உள்வரும் அழைப்பு. நீங்கள் எடுக்கவில்லை. அங்குள்ள நெட்வொர்க் அதை வாய்ஸ் மெயிலுக்குத் திருப்பிவிடுகிறது. வாய்ஸ் மெயில் இருப்பதோ உங்கள் நாட்டில். ஆக, வந்த அழைப்பு வந்த வழியே இன்னொரு சர்வதேச அழைப்பாகத் திரும்பிப் போகிறது. இரண்டு பயணத்துக்கும் டிக்கெட் உங்கள் பெயரில். எல்லா நிறுவனமும் இப்படி வசூலிப்பதில்லை. வசூலிப்பவர்களிடம் மாட்டினால் தூங்கியதற்கும் காசு கொடுக்க வேண்டியதுதான்.

விமானம் ஏறுமுன், சொந்த நாட்டிலேயே, ##002# என்று அழுத்திக் கால் பட்டனைத் தட்டுங்கள். போனில் உள்ள எல்லா அழைப்புத் திருப்பல்களையும் நீக்கும் குறியீடு இது, பெரும்பாலான நெட்வொர்க்குகளில் வேலை செய்யும். நீக்கப்பட்டதாகத் திரையில் செய்தி வர வேண்டும். வரவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவையில் சொல்லி வாய்ஸ் மெயிலையே நிறுத்தச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

வந்துவிட்ட பில்லுக்கு, விவரப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே நேரத்தில் உள்வரும் அழைப்பும் வெளிப்போகும் அழைப்பும் ஜோடியாக இருக்கும் வரிகளைக் கோடிட்டு, “இது வாய்ஸ் மெயில் திருப்பல், இதற்குக் கட்டணம் உண்டு என்று எனக்கு எப்போது தெரிவித்தீர்கள்?” என்று எழுத்திலேயே கேளுங்கள். தொலைபேசியில் சண்டை போடுவதில் பயனில்லை. எதிரில் பேசுபவரிடம் பில்லைத் திருத்தும் அதிகாரம் இருக்காது. என் விஷயத்தில் பாதிப் பணம் திரும்ப வந்தது. மீதிப் பாதி நான் கட்டிய படிப்புச் செலவு.

கேள்வி: இ-சிம், விமான நிலைய சிம், ரோமிங் பேக். மூன்றில் எது?

பதில்: இரண்டு மூன்று நாள் பயணம், போனில் எதையும் மாற்றப் பிடிக்காது என்றால் ரோமிங் பேக். காசு கொஞ்சம் கூடும், தலைவலி குறையும். ஒரே நாட்டில் வாரக்கணக்கில் தங்கினால், ஊருக்குள் போய் வாங்கும் உள்ளூர் சிம் (விமான நிலையக் கடையில் விலை கூட இருக்கும்). நடுவில் இருப்பவர்களுக்கும் பல நாடு சுற்றுபவர்களுக்கும் இ-சிம் (பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்).

இ-சிம்மில் ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் இ-சிம் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான். அதில் போன் நம்பரே இருக்காது. வாட்ஸ்ஆப் பேசலாம், ஒரு டாக்சி ஓட்டுநர் உங்களைக் கூப்பிட முடியாது. உங்கள் போன் இ-சிம்மை ஏற்குமா என்று பார்க்க *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்று ஒரு நீண்ட எண்ணும் வந்தால் ஏற்கும். போன் ஒரே நிறுவனத்துக்கு லாக் செய்யப்பட்டதாக இருந்தால் வேறு நிறுவனத்தின் சிம் எதுவும் ஓடாது, அது பிளாஸ்டிக் சிம்மோ இ-சிம்மோ. இ-சிம்மோடு வரும் க்யூஆர் கோடை வீட்டு வைஃபையிலேயே ஸ்கேன் செய்து ஏற்றிவிடுங்கள். போய் இறங்கியபின் இன்டர்நெட் வாங்குவதற்கே இன்டர்நெட் தேவைப்படும். பயணம் முடியும்வரை அதை அழிக்கவும் கூடாது, ஒருமுறை பயன்படுத்திய கோடு பெரும்பாலும் மறுமுறை ஏறாது.

வீட்டு சிம்மைக் கழற்றி வைக்காதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள். இங்கே ஒரு பொடி சுவிட்ச் இருக்கிறது: ஒரு சிம்மில் சிக்னல் போனால் டேட்டாவை மற்ற சிம்முக்குத் தானாக மாற்றும் வசதி. ஐபோனிலும் உண்டு, பல ஆண்ட்ராய்டுகளிலும் உண்டு. அதையும் அணையுங்கள்.

வாட்ஸ்ஆப் புது சிம்மைப் பார்த்ததும் “நம்பரை மாற்றவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நம்பரிலேயே அது ஓடும்.

எவ்வளவு டேட்டா வாங்குவது? குரல் அழைப்பு நிமிடத்துக்கு ஒரு எம்பிக்கு மேல் போவது அபூர்வம். அப்படியே ஒரு எம்பி என்று வைத்தாலும் ஒரு ஜிபியில் 16 மணி நேரம் பேசலாம். வீடியோ கால் நிமிடத்துக்குப் பல எம்பி குடிக்கும். அதை வைஃபைக்கு ஒதுக்கிவிடுங்கள். பேச்சைவிட, போனில் எடுத்த படங்கள் தானாக கிளவுடில் ஏறுவதுதான் பேக்கைத் தின்னும்.

கேள்வி: என் போனில் ‘வைஃபை காலிங்’ என்று ஒன்று இருக்கிறதே, அது வெளிநாட்டில் இலவசமா?

பதில்: செல் கோபுரத்துக்குப் பதில் வைஃபை வழியாகச் சாதாரண அழைப்பைப் போடும் வசதி அது. இலவசமா என்பது உங்கள் நிறுவனத்தைப் பொறுத்தது. சிலர் அதை நீங்கள் ஊரிலேயே இருந்து பேசுவதாகக் கணக்கிடுகிறார்கள்; அப்படியானால் அதற்கு மிஞ்சிய மலிவு இல்லை. உங்கள் நம்பரே தெரியும், பட்டன் போனுக்கும் பேசலாம். சிலர் ரோமிங் கட்டணம் போடுகிறார்கள், சிலர் வெளிநாட்டில் வேலை செய்யாதபடி தடுத்தே விடுகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு, ஏர்பிளேன் மோடைப் போட்டு, பிறகு வைஃபையை மட்டும் திறந்து பேசுங்கள். இல்லையென்றால் ஓட்டல் வைஃபை கொஞ்சம் மந்தமானாலும் அழைப்பு சத்தமில்லாமல் ரோமிங்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: காலிங் கார்டு இன்னும் கடைகளில் தொங்குகிறது. வாங்கலாமா?

பதில்: முன்பணம் கட்டி வாங்கி, சுரண்டினால் வரும் எண்ணை அழுத்திப் பேசும் அட்டை அது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கார்டின் மதிப்பு 100 யூனிட், நிமிடத்துக்கு 1 யூனிட் என்று அட்டையில் இருக்கிறது. 100 நிமிடம் பேசலாம் என்றுதானே நினைப்போம்? பின்பக்கம், சுரண்டும் இடத்துக்குக் கீழே, எறும்பு எழுத்தில்: ஒவ்வொரு அழைப்புக்கும் இணைப்புக் கட்டணம் 5 யூனிட், நேரம் 3 நிமிடக் கட்டுகளாகக் கணக்கிடப்படும். நீங்கள் 4 நிமிடம் பேசினால் அது 6 நிமிடமாகும். 6-உம் 5-உம் 11. ஒன்பது அழைப்பில் 99 யூனிட் காலி. பேசியது 36 நிமிடம். வாரப் பராமரிப்புக் கட்டணம் என்று வேறு இருந்தால் அந்த 36 நிமிடமும் கிடைக்காது.

அதே கார்டில் ஒரே மூச்சில் 93 நிமிடம் பேசினால் 98 யூனிட்தான். ஆகவே ஸ்மார்ட்போனே இல்லாமல், வாரம் ஒருமுறை உட்கார்ந்து நெடுநேரம் பேசுபவருக்குக் கார்டு இன்றும் உதவும். தினம் “சாப்பிட்டியா, தூங்கினியா” என்று கேட்டு வைப்பவர்களுக்கு உதவாது.

கேள்வி: ஐரோப்பாவில் எந்த சிம் வாங்கினாலும் எல்லா நாட்டிலும் பேசலாம் என்கிறார்கள். அதிலிருந்தே வீட்டுக்கும் பேசலாமா?

பதில்: முதல் பாதி ஏறக்குறைய சரி. 2017 ஜூன் 15 முதல், ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம் ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் உள்ளூர்க் கட்டணத்திலேயே ஓட வேண்டும் என்பது விதி. நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் நாடுகளும் இதில் சேரும். சுவிட்சர்லாந்து சேராது. வரைபடத்தில் நட்டநடுவே இருப்பதால் பலர் அங்கேதான் மாட்டுகிறார்கள். எல்லைக்குப் பக்கத்து ஊரில் நின்றால்கூட போன் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துவிடும்.

இரண்டாம் பாதி தவறு. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள உங்கள் வீட்டுக்குப் போடும் அழைப்பு இந்த விதிக்குள் வராது. அது சாதாரண சர்வதேச அழைப்பு, நிறுவனம் வைத்ததுதான் விலை. அந்த சிம்மின் டேட்டாவைப் பயன்படுத்தி ஆப்பில் பேசுங்கள்.

கேள்வி: துபாயில் வாட்ஸ்ஆப்பில் செய்தி போகிறது, கால் மட்டும் போகவில்லை. சீனாவில் வாட்ஸ்ஆப்பே திறக்கவில்லை. ஏன்?

பதில்: அமீரகத்தில் இன்டர்நெட் வழிக் குரல் அழைப்புக்கு அனுமதி பெற்ற ஆப்கள் மட்டுமே ஓடும். போட்டிம் அவற்றில் ஒன்று. வீட்டில் இருப்பவர் போனிலும் அது இருக்க வேண்டும் என்பதால், கிளம்புமுன்பே இரு பக்கமும் போட்டுவிடுங்கள். விபிஎன் போட்டுத் தாண்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அங்கே விபிஎன்னைத் தவறாகப் பயன்படுத்தினால் அபராதம் பெரிது. மலிவு அழைப்புக்கு அந்த விலை வேண்டாம்.

சீனாவில் வாட்ஸ்ஆப்பை நாட்டு நெட்வொர்க்கே தடுக்கிறது. ஓட்டல் வைஃபையிலும் உள்ளூர் சிம்மிலும் திறக்காது. ஆனால் வெளிநாட்டு சிம் ரோமிங்கில் இருக்கும்போது, அதன் டேட்டா வழக்கமாக அந்த சிம்மின் சொந்த நாட்டுக்குப் போய்த்தான் இன்டர்நெட்டில் சேரும். அதனால் ரோமிங்கில் பெரும்பாலும் திறந்துகொள்ளும். மற்ற இடங்களில் குறுகிய பயணத்துக்கு மட்டும் நான் சொல்லும் ரோமிங் பேக் இங்கே நீண்ட பயணத்துக்கும் செல்லுபடியாகிறது. இல்லையென்றால் சீனாவின் சொந்த ஆப்பான வீசேட்.

கேள்வி: ஓட்டல் அறையில் இருக்கும் போன்?

பதில்: வரவேற்பறையைக் கூப்பிட மட்டும்.

கேள்வி: கப்பல் பயணம் போகிறோம். நடுக்கடலிலும் சிக்னல் கிடைக்குமாமே?

பதில்: கிடைக்கும், அதுதான் சிக்கல். கரை மறைந்ததும் கப்பல் தன் சொந்த செல் நெட்வொர்க்கை, செயற்கைக்கோள் வழியாக ஓடுவதை, திறந்துவிடும். உங்கள் போன் அதைச் சாதாரண ரோமிங் என்று நினைத்துத் தானாகவே ஒட்டிக்கொள்ளும். கட்டணம் தரையில் கேள்விப்படாத அளவு; நீங்கள் வாங்கிய நாட்டு ரோமிங் பேக்கும் பெரும்பாலும் அங்கே செல்லாது. கப்பல் கிளம்பும் சங்கு ஊதியதும் ஏர்பிளேன் மோடு. பேச வேண்டுமென்றால் கப்பலின் வைஃபை பேக்கை வாங்கி ஆப்பில் பேசுங்கள், அல்லது அடுத்த துறைமுகம் வரை பொறுங்கள்.

கேள்வி: ஊரில் பதிந்து வைத்த நம்பர்கள் வெளிநாட்டில் போகவே மாட்டேன் என்கின்றன.

பதில்: நம்பர்களை + போட்டு, நாட்டுக் குறியீட்டோடு பதியுங்கள். 0-வை அழுத்திப் பிடித்தால் + வரும். வெளிநாட்டுக்கு அழைக்கப் பெரும்பாலான நாடுகளில் 00, அமெரிக்கா, கனடாவில் 011 என்று ஆளுக்கொரு முன்குறி. + போட்டால் எங்கிருந்தாலும் போன் அதைச் சரியானதாக மாற்றிக்கொள்ளும். நம்பரின் தொடக்கத்தில் 0 இருந்தால் எடுத்துவிடுங்கள். இத்தாலி லேண்ட்லைன் போன்ற சில நம்பர்களில் அந்த 0-வை எடுக்கக் கூடாது.