அமெரிக்காவில் நாலு டவர் வைத்து இணையம் தரும் சிறிய நிறுவனம்கூட அரசுக்கு பிராட்பேண்ட் கணக்கு கொடுத்தே ஆக வேண்டுமா?

உங்கள் மைத்துனர் கேன்சஸ் பக்கம் ஒரு சிற்றூரில் நண்பரோடு சேர்ந்து வயர்லெஸ் இணைய நிறுவனம் தொடங்கப் போகிறார், "அந்த ஃபார்மெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு, உன்னை மாதிரி சின்ன ஆளை யார் கேட்கப் போகிறார்கள்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. எங்கெங்கே, எத்தனை பேருக்கு, என்ன வேகத்தில் இணையம் தருகிறார் என்ற கணக்கை, முதல் வாடிக்கையாளருக்கு இணைப்பு கொடுத்த நாளிலிருந்தே அவர் கொடுக்க வேண்டியவர்தான்.

நான் இல்லினாய் மாநிலத்தில், சுற்றிலும் சோளக்காடு இருக்கும் ஓர் ஊரில், இப்படி ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். மொத்தமே ஆறு பேர். நெட்வொர்க் பார்க்கத்தான் என்னை எடுத்தார்கள். வந்த இரண்டாவது மாதமே முதலாளி "உனக்குத்தான் கம்ப்யூட்டர் நன்றாக வருமே" என்று இந்த ஃபார்ம் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார். அதனால் இதில் பட்டதை வைத்துத்தான் சொல்கிறேன், சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், அதாவது எஃப்சிசி, 2000ஆம் ஆண்டிலிருந்து ஃபார்ம் 477 என்ற பெயரில் இந்தக் கணக்கை வாங்கி வந்தது. ஆரம்பத்தில் ஒரு மாநிலத்தில் 250 இணைப்புக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு விலக்கு இருந்தது. உங்கள் மைத்துனருக்கு அறிவுரை சொன்னவர் அந்தக் காலத்து ஆளாக இருக்கலாம், ஏனென்றால் 2005இலேயே அந்த விலக்கு போய்விட்டது. இன்னொரு சாக்கும் சொல்வார்கள்: நாங்கள் லைசென்ஸ் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓட்டுகிறோம், எங்களிடம் லைசென்ஸே இல்லை, எங்களை எப்படிக் கேட்பார்கள் என்று. அதுவும் எடுபடாது. சொந்தமாக ரேடியோ வைத்து ஒருவர் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தால் சொந்த வசதி உள்ள நிறுவனம் என்றுதான் கணக்கு, அலைவரிசைக்குக் காசு கட்டினாரா இல்லையா என்பது இதில் வராது.

எங்கள் முதலாளியும் முதலில் முரண்டு பிடித்தவர்தான். போட்டியாளர் பார்த்துவிடுவான் என்பது அவர் பயம். எத்தனை வாடிக்கையாளர்கள் என்ற எண்ணிக்கையை நிறுவன வாரியாக வெளியிட மாட்டார்கள் என்று புரிய வைக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது. எங்கெல்லாம் சேவை தர முடியும் என்பது மட்டும் பொதுவில் வரும். அது எப்படியும் எங்கள் விளம்பர நோட்டீஸிலேயே இருக்கிறதே!

அந்தப் பழைய ஃபார்மில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. 2014 முடிவிலிருந்து சேவைப் பகுதியை சென்சஸ் பிளாக் வாரியாக, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு துண்டு வாரியாக, சொல்ல வேண்டும் என்றார்கள். நகரத்தில் பிளாக் என்றால் ஒரு தெருச் சதுக்கம், பிரச்சினை இல்லை. எங்கள் பக்கம் ஒரு பிளாக்குக்குள் சில மைல் அடங்கிவிடும். அதில் ஏதோ ஒரு மூலையில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புத் தர முடிந்தாலும் பிளாக் முழுவதும் சேவை உள்ளதாகக் கணக்கு. சாலையோர வீட்டுக்கு ஃபைபர் இருக்கும், மரக்கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் பண்ணை வீட்டுக்கு செயற்கைக்கோளைத் தவிர ஒன்றும் இருக்காது, அரசின் கணக்கில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

போதாததற்கு அனுப்பியதைச் சரிபார்க்க ஆளில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த பேரியர்ஃப்ரீ என்ற சிறு நிறுவனம் 2017 டிசம்பர் கணக்கில் எட்டு மாநிலங்களின் எல்லா பிளாக்குகளிலும், அதாவது சுமார் 6.2 கோடி பேருக்கு, ஃபைபரும் வயர்லெஸும் தர முடியும் என்று அனுப்பிவிட்டது. எஃப்சிசி அதை அப்படியே கூட்டிப்போட்டு நாட்டின் இணைய வசதி பற்றிய தன் அறிக்கையின் வரைவைத் தயாரித்தது. ஃப்ரீ பிரஸ் என்ற அமைப்பு உட்கார்ந்து நோண்டியதில்தான் விஷயம் வெளியே வந்தது. திருத்திய பிறகு, வேகமான இணையம் இல்லாதவர்கள் எண்ணிக்கை 1.94 கோடியிலிருந்து 2.13 கோடியாக ஏறியது. ஒரு சின்ன நிறுவனத்தின் ஒரு ஃபைல் நாட்டுக் கணக்கில் கிட்டத்தட்ட இருபது லட்சம் பேரைக் காணாமல் ஆக்கியிருக்கிறது பாருங்கள். 2020இல் அவர்களுக்கு 1,63,912 டாலர் அபராதம் விதிக்க முன்மொழிந்தார்கள். எங்களை மாதிரி நிறுவனத்துக்கு அது இரண்டு பேருடைய வருடச் சம்பளத்துக்கு மேல்.

அது கூட்டிச் சொன்ன கதை. நான் செய்தது குறைத்துச் சொன்ன கதை, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

2018இல் மூன்று டவர்களில் ரேடியோக்களை மாற்றினோம். அதுவரை 10 மெகாபிட் விற்ற இடங்களில் 25/3, அதாவது இறக்க 25 மெகாபிட், ஏற்ற 3 மெகாபிட், விற்க ஆரம்பித்தோம். அந்தச் சமயத்தில் புயலில் ஒரு தானியக் கிடங்கின் உச்சியில் இருந்த ஆன்டெனா பெயர்ந்துவிட்டதால் பத்து நாள் தூக்கமில்லை. ஃபார்முக்குக் கடைசி நாள் வந்ததும் பழைய ஃபைலையே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன். அடுத்த முறை சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன், அடுத்த முறையும் அதையே செய்தேன். அரசுக் கணக்குப்படி அந்த பிளாக்குகளில் 25/3 தர ஆளே இல்லை என்று ஆனது. 2020இல் கிராமப்புற இணையத்துக்கு ஆணையம் ஒரு பெரிய மானிய ஏலம் நடத்தியது, குறைந்த மானியத்தில் சேவை தர முன்வருபவருக்கு அந்தப் பகுதி. பத்து வருடத்தில் 920 கோடி டாலர். எந்த பிளாக்குகள் ஏலத்துக்கு வரும் என்பதை இந்த ஃபார்ம் 477 கணக்கை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். முதல் பட்டியலை வெளியிட்டு ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டார்கள். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எங்கள் ஆன்டெனா வீட்டுக் கூரையில் இருக்கும்போதே அந்த பிளாக்குகளை வெளி மாநில நிறுவனம் ஒன்று ஏலத்தில் எடுத்தது. "ஃபைபர் வரப் போகிறதாமே" என்று ஊரில் பேச்சு கிளம்பி, புதிதாகக் கேட்டிருந்தவர்கள் எல்லாம் பொறுத்துப் பார்க்கிறோம் என்றார்கள். கடைசியில் அந்த நிறுவனம் ஒரு அடிகூடக் குழி தோண்டாமல் ஏலத்திலிருந்து விலகிக்கொண்டது. அதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வருடமும், ஏற்கெனவே மானியம் ஒதுக்கப்பட்ட பகுதி என்று சொல்லி வேறு மானியங்களிலும் எங்களைச் சேர்க்கவில்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது நடைமுறை மாறிவிட்டது. 2020 மார்ச்சில் பிராட்பேண்ட் டேட்டா சட்டம் வந்தது, 2022 ஜூன் 30 முதல் புதிய முறையில் கணக்கு வாங்குகிறார்கள், அந்த நவம்பரில் புது வரைபடத்தையும் வெளியிட்டார்கள். பிளாக் போய், ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் ஒரு எண். நாடு முழுவதும் பதினோரு கோடிக்கு மேல். இந்தப் பட்டியலை ஃபேப்ரிக் என்பார்கள். சேவை தருகிறேன் என்று நீங்கள் குறித்த வீட்டுக்காரர் கேட்டால், வழக்கமான கட்டணத்தில், பத்து வேலை நாட்களுக்குள் இணைப்புத் தர வேண்டும். முடியாதென்றால் குறிக்கக்கூடாது.

வயர்லெஸ்காரர்களுக்கு இதில் இரண்டு வழி இருக்கிறது. டவரின் உயரம், ரேடியோவின் சக்தி, நிலத்தின் மேடுபள்ளம், மரங்கள் எல்லாவற்றையும் மென்பொருளில் போட்டு கவரேஜ் படம் வரைந்து அனுப்பலாம். அல்லது வீடு வீடாகப் பட்டியல் கொடுக்கலாம். முதல் தடவை நான் படம்தான் அனுப்பினேன், ஒரே மதியத்தில் முடிந்துவிட்டதே என்று சந்தோஷமும் பட்டேன். பிப்ரவரியில் அளந்த சிக்னலை வைத்து வரைந்த படம் அது. ஜூனில் ஓக் மரங்கள் இலை விட்டதும் அந்த வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பாதி வீடுகளுக்கு ஒன்றும் எட்டவில்லை. அதில் ஒருவர், எங்களிடம் இணைப்புக் கேட்டு இல்லை என்ற பதில் வாங்கியவர், வரைபடத்திலேயே ஆட்சேபம் போட்டுவிட்டார். பதில் சொல்ல 60 நாள். சொல்வதற்கு என்ன இருக்கிறது, தப்பு எங்களுடையது, ஒப்புக்கொண்டு அந்த வீட்டை எடுத்தோம். அதற்கப்புறம் பட்டியல்தான் அனுப்புகிறேன். வேலை அதிகம், ஆனால் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. ஃபேப்ரிக்குக் காசு கேட்க மாட்டார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். வரைபடம் பார்க்க க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருளும் இலவசம். ஆலோசகர்கள் கேட்கும் தொகையைக் கொடுப்பதற்கு முன் மைத்துனரை ஒரு வாரம் தானே முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வீட்டுக்கும் எந்தத் தொழில்நுட்பம் என்று ஒரு குறியீடு போட வேண்டும். ஃபைபர் 50, லைசென்ஸ் அலைவரிசையில் வயர்லெஸ் 71, லைசென்ஸ் இல்லாததில் 70. பார்க்க ஒன்றுமில்லாத ஒரு எண், ஆனால் இணையம் இல்லாத இடங்களுக்கு மானியம் தரும் பீட் என்கிற 4,245 கோடி டாலர் அரசுத் திட்டம் வந்தபோது, 70 மட்டும் இருக்கும் வீட்டை சேவையே இல்லாத வீடு என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் பதினைந்து வருடமாக இணையம் கொடுத்துவரும் வீட்டில் இணையம் இல்லையாம்! 2025 ஜூனில் அந்த விதியை மாற்றினார்கள். ஆனால் எப்படி என்றால், அப்படிப்பட்ட வீடுகளுக்குச் சரியான சேவை தருகிறோம் என்பதற்கு ஆதாரம் தரப் போகிறேன் என்று நிறுவனம் ஏழு நாளுக்குள் மாநில அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லாவிட்டால் அந்த வீடுகள் மானியப் பட்டியலுக்குப் போய்விடும் என்றார்கள். இந்த முறை நான் இரண்டாவது நாளே பதில் அனுப்பினேன், பழைய பாடம்.

வேகத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். எஃப்சிசியின் பிராட்பேண்ட் அளவுகோல் 2015இல் 25/3, 2024இலிருந்து 100/20. பழைய ரேடியோக்களோடு தொடங்கி 50 மெகாபிட் விற்றால் அதை 50 என்றுதான் எழுத வேண்டும், அரசு பார்வையில் அந்த வீடு அரைகுறைச் சேவைதான். அதற்காக 100 என்று எழுத ஆசை வரும். விளம்பரத்தில் விற்காத வேகத்தை எழுதக்கூடாது.

மற்றபடி தேதிகள் எளிது. டிசம்பர் 31 நிலவரத்தை மார்ச் 1க்குள், ஜூன் 30 நிலவரத்தை செப்டம்பர் 1க்குள் அனுப்ப வேண்டும். அதற்கு முன் எஃப்ஆர்என் என்ற பதிவு எண் வாங்க வேண்டும், அது இணையத்திலேயே கிடைத்துவிடும். தொடர்புக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி தினமும் யாராவது திறந்து பார்ப்பதாக இருக்கட்டும். கணக்கு வழக்குக்கு என்று தனியாக ஒன்று திறந்து அதை மறந்துபோகும் பழக்கம் எங்கள் தொழிலில் நிறையப் பேருக்கு உண்டு. அப்புறம், டவர் கட்ட கேன்சஸில் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லையே, மரம் இல்லாத மேற்குப் பக்கம் என்றால் உங்கள் மைத்துனருக்கு என்னை விடப் பாதி வேலைதான்.