ஸ்கேன் நார்மல்னு வந்துட்டா மேட்ச்சுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் பையனுக்கு 13 வயசு, ஃபுட்பால் ஆடுறான். போன மேட்ச்ல இன்னொரு பையன் தலையும் இவன் தலையும் நல்லா முட்டிக்கிச்சு. மயக்கம்லாம் வரல, உடனே எழுந்துட்டான், கோச்சும் மூஞ்சில தண்ணி அடிச்சு "ஒண்ணுமில்லடா, ஆடு"ன்னு அனுப்பிட்டாரு. வீட்டுக்கு வந்து "யாரும்மா ஜெயிச்சா?"ன்னு மூணு தடவை கேட்டான். ஸ்கேன் எடுத்தோம், நார்மல். ஆனா இப்பவும் வெளிச்சத்தைப் பாத்தா தலை வலிக்குதுங்கிறான். நாளன்னைக்கு அடுத்த மேட்ச், அனுப்பட்டுமா?

பதில்: அனுப்பாதீங்கம்மா. "யாரு ஜெயிச்சா"ன்னு மூணு தடவை கேட்டான்னு எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க லெட்டர்ல முக்கியமான வரி அதுதான், ஸ்கேன் ரிப்போர்ட் இல்ல. ஸ்கேன் பாக்குறது ரத்தக்கசிவு இருக்கா, மண்டை ஓட்டுல விரிசல் இருக்கான்னுதான். கேட்டதையே திரும்பத் திரும்ப கேக்குறது கன்கஷனோட அடையாளம். அதுல மூளை உள்ளுக்குள்ள குலுங்கி நரம்பு இழைகள் இழுபட்டு, செல்லோட உப்புக் கணக்கெல்லாம் தாறுமாறாகி கொஞ்ச நாள் அது தடுமாறிட்டு இருக்கும், அது சாதாரண ஸ்கேன்ல தெரியாது. மயக்கம் போட்டாதான் கன்கஷன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா 10 பேர்ல 9 பேருக்கு மயக்கமே வர்றதில்ல.

தலைவலி இருக்கும்போதே திரும்ப ஆட விட்டா என்ன ஆகும்னா, கனடாவுல ரோவன் ஸ்ட்ரிங்கர்னு 17 வயசுப் பொண்ணு, 2013ல ஸ்கூல் ரக்பி ஆடுச்சு, ஒரே வாரத்துக்குள்ள திரும்பத் திரும்ப தலையில அடி, கடைசி அடிக்கப்புறம் அந்தப் பொண்ணு பிழைக்கல. முதல் அடி ஆறாத மூளை மேல அடுத்த அடி விழுந்தா திடீர்னு மூளை வீங்கிடும், ரொம்ப அரிதுதான், ஆனா நடந்தா காப்பாத்துறது கஷ்டம், அதுவும் சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் பெரும்பாலும் வருது. 2018ல ஒன்டாரியோ மாகாணத்துல அந்தப் பொண்ணு பேர்லயே ஒரு சட்டம் வந்துச்சு.

முதல் ஒண்ணு ரெண்டு நாள் ரெஸ்ட், ஆனா இருட்டு ரூம்ல பூட்டி வைக்கிற ரெஸ்ட் இல்ல, அது பழைய வைத்தியம். வீட்டுக்குள்ள நடக்கட்டும், செல்ஃபோனை மட்டும் வாங்கி வச்சிடுங்க. அப்புறம் நடை, மெதுவான ஓட்டம், பந்தோட தனியா பிராக்டிஸ்னு ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது விட்டு ஏத்துங்க, ஸ்கூலுக்கு முழுசா போக முடிஞ்சாதான் கிரவுண்டு. ஒருத்தர் மேல ஒருத்தர் மோதுற பிராக்டிஸுக்கு டாக்டர் ஓகே சொல்லணும். பிரிட்டன்ல 2023ல வந்த வழிகாட்டுதல்படி மேட்ச்சுக்கு குறைஞ்சது 21 நாள் கழிச்சுதான். வாந்தி திரும்பத் திரும்ப வந்தா, தலைவலி ஏறிக்கிட்டே போனா, பேச்சு குழறினா, ஃபிட்ஸ் வந்தா, எழுப்பினா எழுந்திருக்கலன்னா ஸ்கேன் நார்மல்னு உக்காந்திருக்காம ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கேள்வி: என் பொண்ணு ரெண்டு வருஷமா ஃபுட்பால் ஆடுறா. ஹெட்டிங் பண்ணா, அதான் பந்தைத் தலையால முட்டினா, 40 வயசுல மறதி நோய் வரும்னு ஒரு வீடியோல பாத்ததுலேர்ந்து தூக்கமே இல்ல. நிறுத்திடலாமா சார்?

பதில்: அந்த வீடியோ பாதி உண்மையைப் பெருசாக்கிச் சொல்லியிருக்கு. பாக்ஸர்கள் வயசானதும் தள்ளாடுறாங்க, பேச்சு குழறுதுன்னு 1928லயே மார்ட்லண்ட்ங்கிற அமெரிக்க டாக்டர் எழுதிட்டாரு. அது பாக்ஸிங்கோட போச்சுன்னுதான் ரொம்ப வருஷம் உலகம் நினைச்சது. 2002ல மைக் வெப்ஸ்டர்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் (நம்ம ஃபுட்பால் இல்ல, ஒருத்தரை ஒருத்தர் மோதித் தள்ளி ஆடுற ஆட்டம்) வீரர் 50 வயசுல இறந்தப்ப, பென்னட் ஒமாலுங்கிற டாக்டர் அவர் மூளையை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தாரு. வெளியே பாக்க நல்லாத்தான் இருந்த மூளை, உள்ளே டாவுன்னு ஒரு புரோட்டீன் அங்கங்க திரிதிரியா படிஞ்சு கிடந்துச்சு. அதுக்குப் பேரு சிடிஇ, இன்னைக்கும் இறந்தப்புறம் மூளையை அறுத்துப் பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும்.

2017ல பாஸ்டன்ல, என்எஃப்எல்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல ஆடின 111 வீரர்களோட மூளையைப் பாத்ததுல 110ல அது இருந்துச்சு. இதைத்தான் வீடியோக்காரங்க பிடிச்சுக்கிறாங்க. ஆனா மூளையை தானம் கொடுக்குற குடும்பம் யாரு? பெரும்பாலும் ஏற்கனவே மறதி, கோவம்னு வீட்ல பாத்து சந்தேகப்பட்டவங்க. அதனால ஆடுற எல்லாருக்கும் இந்தக் கணக்கைப் போடக்கூடாது. அதேசமயம் அதை ஒதுக்கித் தள்ளவும் முடியாது, ஏன்னா அதே குழு பாத்ததுல எத்தனை வருஷம் ஆடினாங்கங்கிறதுதான் கணக்கு, ஒவ்வொரு வருஷம் கூடும்போதும் சிடிஇ இருக்குற வாய்ப்பு 30 சதவீதம் ஏறுது. எத்தனை தடவை பெரிய அடி பட்டு விழுந்தாங்கங்கிறதை விட, யாரும் கவனிக்காத சின்னச் சின்ன அடி வருஷக்கணக்கா சேர்றதுதான் விஷயம்.

உங்க பொண்ணோட ஃபுட்பாலுக்கு வர்றேன். கிளாஸ்கோல 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து புரொஃபஷனல் வீரர்களோட ரெக்கார்டைப் பாத்தாங்க, மூளை தேய்மான நோயால இறந்தது மத்தவங்களை விட மூணரை மடங்கு. 2021ல அதையே பொசிஷன் வாரியா பிரிச்சாங்க, டிஃபெண்டருக்கு நோய் வர்றது கிட்டத்தட்ட 5 மடங்கு, கோல்கீப்பருக்கோ ஆடாதவங்களை விட கூடுதல்னு உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல. அதே கிரவுண்டு, அதே டிரெஸ்ஸிங் ரூம், ஆனா கோல்கீப்பர் கையால பிடிக்கிறாரு, தலையால முட்டுறதில்ல. இந்த ஒரு விஷயம்தான் என்னை நம்ப வச்சது. ஆனா அவங்கெல்லாம் பல வருஷம் தொழிலா ஆடின ஆம்பளைங்க, வாரம் ரெண்டு நாள் ஆடுற சின்னப் பொண்ணு இல்ல. இன்னொண்ணு, அதே வீரர்கள் ஹார்ட் நோயால இறந்தது மத்தவங்களை விட குறைவு, அதை எந்த வீடியோவும் சொல்லாது.

அதனால ஃபுட்பாலை விடாதீங்க, ஹெட்டிங்கைத் தள்ளிப் போடுங்க. அமெரிக்காவுல 2015லயே 10 வயசு வரைக்கும் ஹெட்டிங் கூடாதுன்னுட்டாங்க, 11லேர்ந்து 13 வரை பிராக்டிஸ்ல அளவோடதான். இங்கிலாந்துலயும் 2020லேர்ந்து சின்னப் பசங்க பிராக்டிஸ்ல ஹெட்டிங் கிடையாது. கோச் கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

கேள்வி: நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தா போதும்ல?

பதில்: ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாத்தும், அதுக்கு கட்டாயம் போடணும். ஆனா டப்பாக்குள்ள இருக்குற தயிர் குலுங்காம இருக்க டப்பாவுக்கு வெளியே பஞ்சு சுத்தினா ஆகுமா? மோதலோட எண்ணிக்கையைக் குறைக்கிறதுதான் வேலை செய்யுது. கனடாவுல 13 வயசுக்குக் கீழ ஐஸ் ஹாக்கில உடம்பால இடிக்கிறதை 2013ல நிறுத்தினாங்க, கன்கஷன் நல்லாவே குறைஞ்சது. "பிராக்டிஸ்ல மோதலைன்னா மேட்ச்ல தோத்துடுவாங்க"ன்னு கோச்சுங்க சொல்வாங்க. அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ்ல பட்டி டீவன்ஸ்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் கோச் 2010லேர்ந்து பிராக்டிஸ்ல வீரர்கள் ஒருத்தரை ஒருத்தர் டேக்கிள் பண்றதையே, அதாவது மோதிப் பிடிச்சுக் கீழே தள்ளுறதையே நிறுத்திட்டு பொம்மையை டேக்கிள் பண்ண வச்சாரு. 2015ல அவங்க லீக்ல சாம்பியன் பட்டத்தைப் பகிர்ந்துக்கிட்டாங்க.

கேள்வி: அங்கிள், எனக்கு 15. தலையில அடின்னு சொன்னா கோச் டீம்லேர்ந்து தூக்கிடுவாரு, அதனால நாங்க யாரும் சொல்றதே இல்ல. இது தப்பா?

பதில்: தப்பு ரைட்டை விடுடா தம்பி, உன் கணக்குக்கே வர்றேன். 2016ல கன்கஷன் ஆன பசங்களை ரெண்டா பிரிச்சுப் பாத்தாங்க. அடி பட்டதும் வெளிய வந்தவங்களுக்கு குணமாக சராசரியா 22 நாள் ஆச்சு. சொல்லாம தொடர்ந்து ஆடினவங்களுக்கு 44 நாள். நீ ஒரு மேட்ச் மிஸ் ஆகக்கூடாதுன்னு மறைக்கிற, அதுல எத்தனை மேட்ச் போகுதுன்னு நீயே எண்ணிக்கோ. உன் ஃபிரண்டு அடி பட்டு முழிச்சா அவன் சார்பா நீ போய்ச் சொல்லு, அவனுக்கு அந்த நேரத்துல ஸ்கோரே ஞாபகம் இருக்காது.