மரத்தூணின்மேல் எஃகுத் தடம்

கேள்வி: வெளிநாட்டுப் பூங்காக்களின் காணொளிகளில் தூண்கள் மரமாகவும் தடம் எஃகாகவும் இருக்கும் ரோலர் கோஸ்டர்களை ‘ஹைப்ரிட்’ என்கிறார்கள். பழைய மர ரோலர் கோஸ்டரிலும் இரும்புப் பட்டை உண்டே, பிறகு என்ன வேறுபாடு?
— மரவேலை செய்யும் வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பட்டை உண்டு. ஆனால் அது மாட்டுவண்டிச் சக்கரத்தின் பட்டையைப் போலத் தேய்மானத்தைத் தாங்குவதற்கு மட்டுமே. பாரத்தைச் சுமப்பது அதன் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்கிய, பெரும்பாலும் ஏழெட்டு அடுக்குள்ள பைன் பலகைகள்தான். பலகையை வளைக்கலாம், வளைவோடு முறுக்கவும் முயன்றால் அது எப்படி அடம்பிடிக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே மரத்தடத்தில் தலைகீழ்ச் சுழல்கள் அரிதாக இருக்கின்றன. மேலும், மரம் மழையில் ஊறி வெயிலில் சுருங்க, ஓடும் வண்டியின் அதிர்ச்சியில் ஆணிகள் தளர்வதால், அவ்வப்போது தடத்தைப் பிரித்துப் பலகை மாற்ற வேண்டியிருக்கிறது. அந்தக் குலுக்கலே இன்பம் என்று சொல்லும் ரசிகர்களும் இருக்கிறார்கள். முதுகுவலிக்காரர்கள் அவர்கள் பேச்சை நம்ப வேண்டாம்.

ஹைப்ரிட் வகையில் இந்தப் பலகை அடுக்கே கிடையாது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்தின் ‘ஐ-பாக்ஸ்’ தடத்தில், எஃகுத் தகடுகளை வேண்டிய வடிவத்திலேயே வெட்டிப் பற்றவைத்து, ஆங்கில ‘I’ எழுத்து வடிவ உத்திரம் போன்ற தண்டவாளமாக்குகிறார்கள். ஓசூர்ப் பட்டறைகளில் உத்திரம் செய்வதைப் பார்த்தவர்களுக்கு வேலை புதிதாகத் தோன்றாது. வளைவையும் முறுக்கையும் தகடு வெட்டும்போதே கணக்கில் சேர்த்துவிடுவதுதான் இதில் சூட்சுமம். பழைய மரத்தூண்களில் உறுதியானவற்றை வைத்துக்கொண்டு தடத்தை மட்டும் மாற்றிவிட முடிவதால், பூங்காக்களுக்கும் இது பிடித்துப்போயிற்று. 1990இல் மரத்தில் கட்டப்பட்ட டெக்சாஸ் ஜயன்ட், 2011இல் இந்தத் தடத்துடன் மீண்டும் திறக்கப்பட்டது. ஒஹாயோவின் சீடர் பாயின்ட் பூங்காவில் 1991இல் வந்த ‘மீன் ஸ்ட்ரீக்’, 2018இல் ‘ஸ்டீல் வெஞ்சன்ஸ்’ ஆகி, 205 அடி உயரமும் 90 டிகிரிச் செங்குத்து இறக்கமும் நான்கு தலைகீழ்த் திருப்பங்களும் கொண்டதாயிற்று. பழைய பலகைத் தடத்தில் இப்படி ஓட்ட முடிந்திருக்காது.

ஆகவே வகையைத் தீர்மானிப்பது தூணல்ல, தடம். நியூயார்க் கோனி தீவில் 1927 முதல் நிற்கும் சைக்ளோனுக்குத் தூண்களெல்லாம் எஃகு. தடம் மரம் என்பதால் அதை மர ரோலர் கோஸ்டர் என்றே கணக்கில் வைத்திருக்கிறார்கள்.